ஆவுடையின் பெயருக்கு எதிரே

என் அப்பா ஒன்பது வருடம் மௌனசாமியாக இருந்தார். அந்தப் பெயரை ஊரில் பரப்பியவன் நான்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வக்கீல் வீடு என்று பெயர். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒருநாள் நீதிமன்றத்தில் வாதாட எழுந்து நின்றவர், தான் எந்தப் பக்கத்து வக்கீல் என்று அருகில் இருந்தவரைக் கேட்டார். அடுத்த வருடமே பேச்சு குறைந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வந்து விசாரித்தவர்களிடம், அப்பா மௌன விரதம் எடுத்திருக்கிறார் என்றேன். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு வாங்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா சில நாள் திருநீற்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். அதையும் அனுக்கிரகம் என்றார்கள். அவர் இறந்தபோது தெரு கொள்ளாத கூட்டம்.

என் தம்பி சங்கரலிங்கத்துக்கு நாற்பத்தைந்தில் தொடங்கியது. அவன் துபாயில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். எட்டு வருடம் எங்கள் வீட்டுப் பின்னறையில் அவன் துபாயில் இருந்தான்.

இதையெல்லாம் நான் வெட்கத்தோடு எழுதவில்லை. ஒரு குடும்பத்துக்கு மூத்தவனாகப் பிறந்தால் சில வேலைகளைச் செய்தாக வேண்டும். வக்கீல் வீட்டில் புத்தி தவறுகிறது என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யார் வருவார்கள்? எனக்கு எழுபத்து நான்கு வயது. பதிவுத்துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். பழைய பத்திர எண்களை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். விடிகாலை ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல், காபி கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. அப்பாவுக்கும் தம்பிக்கும் வந்தது எனக்கு வராததற்கு என் ஒழுக்கமே காரணம் என்று நம்பியிருந்தேன்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. சங்கரலிங்கத்தின் மகள் உலகம்மையை நான்தான் வளர்த்தேன். மன்னார் வளைகுடாவில் கடலுக்கு நடுவே நிற்கும் காற்றாலைக் கோபுரங்களைப் பராமரிக்கும் பொறியாளர் அவள். வயது முப்பத்தொன்பது. சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நேத்து நாப்பத்தொன்பதாம் கோபுரத்துக்குப் படகுல போனேன். மேல ஏறிப் பார்த்தா, அதை முந்தின நாளே யாரோ சரி பண்ணியிருக்காங்க. வேலைச் சீட்டுல கையெழுத்து போட்டிருக்கு. பார்த்தா என் கையெழுத்து."

"வேலை ஜாஸ்தி. ரெண்டு நாள் ஓய்வு எடு."

"வேலை ஜாஸ்தின்னா கால் வலிக்கும். எண்பதடி ஏணி ஏறினது மறந்து போகாது."

நான் செய்தித்தாளை மடித்தேன். "இதை வெளிய யார்கிட்டயும் சொன்னியா?"

அவள் சிரித்தாள். என் தம்பியின் சிரிப்பு அது. "அதான பார்த்தேன், இன்னும் கேக்கலையேன்னு. என்ன சொல்லப் போறீங்க பெரியப்பா? அப்பாவை துபாய்க்கு அனுப்பினீங்க. எனக்கு எந்த நாடு? மௌனசாமியா மட்டும் உக்கார வச்சிராதீங்க, எனக்குத் திருநீறு தும்மல் வரும்."

"ஏட்டி, வாயை அடக்கு."

"அடங்கத்தான் போகுது. அதுக்குள்ள மதுரைக்கு ஒரு தடவை வாங்க. அங்க ஒரு ஆய்வகம் இருக்கு. குடும்பத்துல மூத்தவங்க வந்து வம்சப்படம் எழுதிக் கொடுக்கணுமாம்."

போனோம். ஆய்வகத்துக்குத் தலைமை டாக்டர் நிலோபர் என்ற பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். எழுந்து நின்று வணங்கினாள். அது எனக்குப் பிடித்தது. ஆனால் பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. அது பிடிக்கவில்லை.

கண்ணாடி மேசை ஒன்றின் மேல் உலகம்மையின் மூளையை ஒளியாக நிற்க வைத்துக் காட்டினாள். உள்ளங்கைகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு ஒளி உருண்டை. அதற்குள் பொன்னிறத்தில் ஓடைகள் ஓடிக்கொண்டிருந்தன. கோயில் கருவறையில் கற்பூரம் காட்டும் நொடியில் ஏற்படும் உணர்வு எனக்கு வந்தது. கை தானாகக் குவியப் போனது. அடக்கிக்கொண்டேன்.

"நல்ல பிரகாசமா இருக்கே. அப்புறம் என்ன?" என்றேன்.

"அதுதான் ஐயா கவலை. இவங்க வயசுக்கு இவ்வளவு எரியக்கூடாது. ஒரு பேரை ஞாபகப்படுத்த ஒரு தெரு போதும். இவங்க மூளை நாலு தெரு சுத்திப் போகுது. ஏன்னா நேர் வழி அடைபட ஆரம்பிச்சிருச்சு. இங்க பாருங்க, சாம்பல் மாதிரி. உங்க அப்பாகிட்ட இருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறு. இந்தச் சாம்பலை வாழ்நாள் பூரா தூவிக்கிட்டே இருக்கும்."

"மூளை சமாளிக்குதுல்ல?"

"சமாளிக்குது. யாரும் சொல்லிக் கொடுக்காம, இவங்களுக்கே தெரியாம, தானே வழி வெட்டிக்கிட்டு ரெட்டை வேலை பார்க்குது. ஆனா களைச்சிரும். நாலு மாசம், மிஞ்சினா அஞ்சு. அதுக்குள்ள வைத்தியம் செய்யணும்."

"வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. ஆனா கடையில கிடைக்காது." அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். "சில குடும்பங்கள்ல ஒருத்தருக்கு இந்தக் கோளாறும் இருக்கும், கூடவே இன்னொரு அபூர்வமான மாற்றமும் இருக்கும். சாம்பல் விழும், ஆனா மூளை சாகாது. அவங்க உடம்புல ஒரு வகைக் காவல் செல் இருக்கு. அம்பது அறுபது வருஷம் இந்தச் சாம்பலோடயே குடித்தனம் நடத்திப் பழகின செல். அதை எலும்பு மஜ்ஜையில இருந்து எடுத்து, வளர்த்து, நோய் வந்தவங்க முதுகுத்தண்டு வழியா ஏத்தலாம். ஆனா ரத்த சொந்தமா இருக்கணும். அடுத்தவங்க செல்லை உடம்பு ஏத்துக்காது."

"அப்படி யாரும் எங்க வீட்டுல இல்ல."

"எழுதிப் பார்ப்போம் ஐயா. உங்க ரத்தமும் கொஞ்சம்..."

"என் ரத்தம் எதுக்கு? எனக்கு எழுபத்து நாலு. எனக்கு ஒண்ணும் இல்லைங்கிறது பார்த்தாலே தெரியலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் முதுகு நேராக இருந்தது. "சரிதான். உங்களுக்குக் கோளாறு இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்று படிவத்தில் என் பெயருக்கு நேரே 'தேவையில்லை' என்று போட்டாள்.

நான் வம்சப்படம் எழுதினேன். தாத்தா, அவருடைய தம்பிகள், அப்பா, அத்தைகள், நான், சங்கரலிங்கம். கடைசியாக என் தங்கை ஆவுடையம்மாள். அவள் பெயருக்கு எதிரே ஒரு சிலுவைக் குறி போட்டு, '2008இல் மரணம், வயது 23, வாரிசு இல்லை' என்று எழுதினேன். நாற்பத்து மூன்று வருடமாகச் சொல்லிவந்த ஒன்று அது. சொல்லச் சொல்ல எனக்கே உண்மையாகிப் போயிருந்தது.

மூன்று வாரம் கழித்து என்னை மட்டும் வரச் சொன்னார்கள்.

டாக்டர் நிலோபர் என் வம்சப்படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தாள். "ஐயா, தூத்துக்குடியில ஒரு பெண் பொதுச் சோதனையில ரத்தம் கொடுத்திருக்காங்க. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா தெரிவிக்கலாம்னு சம்மதமும் கொடுத்திருக்காங்க. உலகம்மையோட ரத்தம் அவங்களோட பொருந்துது. அத்தை மகளா மட்டும்தான் இருக்க முடியும்."

நான் வம்சப்படத்தை என் பக்கம் இழுத்தேன்.

"அவங்க பிறந்த வருஷம் 2011. உங்க தங்கச்சி 2008ல இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "செத்துப் போன பொம்பளைக்கு மூணு வருஷம் கழிச்சு எப்படி ஐயா பிள்ளை பிறக்கும்?"

சாளரத்துக்கு வெளியே ஏதோ ஒரு பறக்கும் வண்டி இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

"எங்களுக்கு அவ செத்துட்டா" என்றேன்.

"அது வேற. நான் எழுதச் சொன்னது உடம்புல உயிர் இருக்கா இல்லையாங்கிறதை." அவள் சிலுவைக் குறியின் மேல் விரலை வைத்தாள். "அந்த மகளுக்கு ரெண்டும் இருக்கு ஐயா, கோளாறும் இருக்கு, காவலும் இருக்கு. ஆனா வயசு நாப்பதுதான், காவல் செல் இன்னும் முதிரல. அவங்க அப்பா வழியில ரெண்டுமே இல்லைன்னு பார்த்துட்டோம். அப்ப அம்மா வழிதான். உங்க தங்கச்சிக்கு இப்ப அறுபத்தாறு. உலகம்மைக்கு வேணும்கிறது அவங்க உடம்புல இருக்கு. உங்க படத்தை நம்பி மூணு வாரத்தை வீணாக்கிட்டோம்."

நடந்தது இதுதான். ஆவுடை கல்லூரி முடித்த கையோடு, நாங்கள் பெண் கொடுக்காத ஒரு சமூகத்துப் பையன் சவரிமுத்துவோடு போய்விட்டாள். நான் தாமிரபரணியில் இறங்கித் தலைமுழுகினேன். அவளுடைய கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி அடித்துப் பேருந்து நிலையம் வரை ஒட்டினேன். பதினாறாம் நாள் காரியமும் செய்தேன். அதோடு நின்றிருக்கலாம். பிறகு வாரிசுச் சான்றுக்காக அவள் இறந்ததாகப் பதிவேட்டிலும் ஏற்றினேன். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் அறிந்து பதிவு செய்த பொய் அது ஒன்றுதான். அவள் ஞானஸ்நானம் பெற்று வேறு பெயரில், வேறு பதிவில் வாழ்ந்தாள் என்று பிறகு தெரிந்தது.

"இதுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு" என்றாள் டாக்டர். "மஜ்ஜைக்கு ஆள் பிடிச்சு விக்கறவங்க வந்துட்டதால, பதிவேட்டுல ரத்த சொந்தம்னு இருக்கறவங்ககிட்டதான் எடுக்கலாம். பதிவேட்டுல அவங்க பிணம். பிணம் சம்மதக் கையெழுத்து போட முடியாது. முதல்ல அவங்க உயிரோட இருக்கறதாப் பதிவாகணும். அதை யார் பொய்யாப் பதிஞ்சாங்களோ அவங்களே நேர்ல போய் ஒத்துக்கணும்."

எந்த அலுவலகத்தில் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதன் சுவரில் முன்னாள் பதிவாளர்கள் வரிசையில் என் படம் தொங்குகிறது.

ஒரு வாரம் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தேன். எட்டாம் நாள் உலகம்மை தொலைபேசியில் அழைத்து ஏதோ பேசிவிட்டு வைத்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, அதே வார்த்தைகளில் அதையே சொன்னாள். நான் முதல் முறை கேட்பவன் போலக் கேட்டுக்கொண்டேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன்.

டாக்டர் கொடுத்த விலாசத்தில், துறைமுக வாசலுக்கு எதிரே ஆவுடையின் மெஸ். மதியச் சாப்பாட்டு நேரம். அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண் குழம்பு வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். "இன்னாசி, உனக்குப் புளி ஆகாது, ரசத்தை ஊத்திக்கோ. ஏ பீர் முகமது, நேத்து வாங்கின மாத்திரையை முழுங்குனியா? தம்பி, நீ போன மாசம் பன்னெண்டாம் தேதி வந்து இதே இடத்துல உக்காந்து கத்திரிக்காயை ஒதுக்கி வச்சே, இன்னிக்கும் கத்திரிக்காய்தான், அப்பளம் தாரேன்."

நான் வாசலிலேயே நின்றேன். நோய் இருக்கும் மூளை என்று டாக்டர் சொன்னது இதைத்தானா?

அவள் என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க பெரியண்ணே. காரியச் சாப்பாடு நாப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சே, இப்ப வந்திருக்கீங்க?"

அறுபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க. பிணத்துகிட்ட பேசத் தனியா மந்திரம் ஏதும் உண்டோ என்னவோ, எனக்குத் தெரியாது."

மனிதர்கள் முன்னால் என்னிடம் இப்படிப் பேசியவர் எவரும் இல்லை. திரும்பிப் போயிருப்பேன். ஆனால் என் வாய் முந்திக்கொண்டது. "உலகுக்கு வந்துருச்சு."

வாளி மேசையில் இறங்கியது. "யாருக்கு? சின்னண்ணன் மகளுக்கா?"

"ஆமா."

"அதை முதல்ல சொல்லக்கூடாதா? நின்னு வசனம் பேசிக்கிட்டு." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ரத்தச் சோதனை சேதியை என் மக சொன்னா. எங்க வரணும், என்ன எடுப்பாங்க? வலிக்குமா?"

நான் மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களும் அப்படியே நின்றன. அவளுக்கு அவை தேவைப்படவில்லை. சங்கரலிங்கத்தின் மகள் என்பதற்கு அவ்வளவு பலம் இருந்ததை அப்போது நான் அவளுடைய இளகிய மனம் என்று நினைத்தேன்.

மதுரையில் ஸ்கேன் அறை வாசலில் அவள் அடம் பிடித்தாள். அந்தக் குழாயைப் பார்த்துப் பயம். அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "முதல்ல பெரியண்ணனைப் போடுங்க டாக்டர். உயிரோட இருக்கறவரு முன்னால போகட்டும், பிணம் பின்னால வரும்."

"ஐயாவுக்குத் தேவையில்லைம்மா" என்றாள் டாக்டர்.

"எனக்குத் தேவை."

உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருத்துவமனை நடுவில் சண்டை போட விரும்பாமல் நான் போய்ப் படுத்தேன். ஒலிபெருக்கியில், நன்றாகத் தெரிந்த எதையாவது மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். பதிவுச் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பிரிவுகூடத் தவறவில்லை.

பிறகு அவள். அவளை மனதுக்குள் சொல்ல வைக்க முடியவில்லை. குழாய்க்குள்ளிருந்து சத்தமாகவே பேசினாள். "நடை ஏறினா வலது பக்கம் அப்பா பெயர்ப்பலகை, மேல் ஆணி போயிருக்கும். உள்ளே போனா ஊஞ்சல் சங்கிலியில மூணாவது வளையம் மட்டும் பித்தளை. அடுப்படிச் சன்னல்ல சின்னண்ணன் பல்லி வளர்த்தான். அம்மா வெங்காயம் உரிக்கையில மூக்கை இடது பக்கமா சுருக்குவா. பெரியண்ணன் தலை சீவ எடுக்கற நேரம் பதினோரு நிமிசம்..."

டாக்டர் நிலோபர் கண்ணாடி மேசையில் இரண்டு மூளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

இரண்டுமே சாம்பல். உலகம்மைக்கு அங்கங்கே தூவியிருந்தது என்றால் இவற்றில் கொட்டி மூடியிருந்தது. எரிமலை வெடித்துப் புதைந்த நகரம் ஒன்றை மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. ஆனால் அந்தச் சாம்பலுக்கு அடியில், அதன் இண்டு இடுக்கெல்லாம், பொன்னிற ஓடைகள் போய்க்கொண்டிருந்தன. சாம்பல் மேட்டைச் சுற்றி வளைந்து, பிரிந்து, மறுபடி கூடி, எங்கும் நிற்காமல். ஊஞ்சல் சங்கிலியின் பித்தளை வளையம் இதில் எந்த ஓடையில் வந்தது? அம்மாவின் மூக்கு எந்த ஓடையில்? எழுபது வருடம் கோயில் கோயிலாகப் போயிருக்கிறேன். என் உடம்பு மொத்தமும் சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு மூளையில் சாம்பல் இன்னும் கனம். நான் அதைக் காட்டினேன். "பாவம். ஆவுடைக்கு இவ்வளவா?"

"அது அவங்களோடது இல்ல ஐயா" என்றாள் டாக்டர் மெதுவாக. "உங்களோடது."

ஆவுடை கிட்டே வந்து பார்த்தாள். உலகம்மை என் தோளைப் பிடித்தாள்.

"மன்னிக்கணும். தப்பு எங்க பேர்லயும் இருக்கு. நல்லா இருக்கறவருக்குக் கோளாறு இருக்காதுன்னு முடிவு கட்டிட்டோம். உங்க அப்பாகிட்ட இருந்து கோளாறு உங்க மூணு பேருக்கும் வந்திருக்கு. காவல் உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கணும், உங்களுக்கும் தங்கச்சிக்கும் மட்டும். தம்பிக்கு அது கிடைக்கல. காசைச் சுண்டிப் போட்ட மாதிரிதான், பூவா தலையா."

"நான் அம்பத்தஞ்சு வருஷமாப் பச்சைத் தண்ணியில குளிக்கேன்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தோன்றியது அதுதான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை ஐயா."

"நான் நாளைக்கு ஆறு காபி குடிக்கேன் டாக்டர்" என்றாள் ஆவுடை.

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த இரண்டு ஒளி உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று குடும்ப மானத்தைக் காத்தவனுடையது. மற்றது அதைக் கெடுத்தவள் என்று தள்ளப்பட்டவளுடையது. பெயர்களை எடுத்துவிட்டால் எது எதென்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

டாக்டர் நிலோபர் கணினியில் ஏதோ பார்த்தாள். "இன்னொரு விஷயம். உலகம்மைக்கு ஐயாவோட செல்லே போதும். ரத்த உறவு பதிவேட்டுல சுத்தமா இருக்கு. நாளைக்கே மஜ்ஜை எடுக்கலாம். அம்மாவோட பதிவு, ஒப்புதல், அந்த அலுவலகம் எதுவும் தேவையில்லை."

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்டது நிம்மதிதான். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. உலகம்மை பிழைப்பாள். சுவரில் என் படம் தொங்கும். ஊருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஆவுடை தன் கைப்பையை எடுத்தாள். "அப்ப நான் கிளம்பட்டா? ராத்திரி சாப்பாட்டுக்கு மாவு அரைக்கணும்."

நான் சரி என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

"பெரியப்பா" என்றாள் உலகம்மை. "சோலி முடிஞ்சதும் திருப்பி அனுப்ப அத்தை என்ன கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரமா?"

ஆவுடை கதவு வரைக்கும் போய்விட்டாள். அவள் நடை அம்மாவின் நடை. அம்மா அப்பாவுக்கு அடங்கிய மனைவியாக, என் பொய்க்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வாழ்ந்து போனவள். அந்தக் காவலை இரண்டு பேருக்குத் தந்தவளும் அவள்தான். அதை அவள் அறியாள்.

"ஆவுடை" என்றேன். "வார திங்கக்கிழமை அம்பாசமுத்திரம் வா. ஆபீஸ் பத்து மணிக்குத் திறப்பாங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "பஸ் ஒன்பதரைக்கே வந்துரும்" என்றாள்.

சனிக்கிழமை என்னிடம் மஜ்ஜை எடுத்தார்கள். வலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அழைத்து, செல்கள் நன்றாக வளர்கின்றன என்றாள். திங்கட்கிழமை உலகம்மை என்னைக் காரில் கூட்டிப்போனாள். ஆவுடை முன்பே பஸ்ஸில் வந்து அலுவலக வாசலில் நின்றாள்.

இப்போது பத்திரம், பிறப்பு, இறப்பு எல்லாம் அந்த ஒரே கூடத்தில்தான். நாற்பது பேர் காத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அதிகாரி இளம்பெண். என்னைக் கண்டதும் எழுந்து, உள்ளே வந்து உட்காருங்கள் என்றாள். வேண்டாம் என்று சாளரத்திலேயே நின்றேன்.

மனுவை நானே எழுதியிருந்தேன். அவள் அதை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் எனக்காக வருத்தப்பட்டது. குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, 'எழுத்தர் கவனக்குறைவு'ன்னு காரணம் போட்டுக்கலாமா? அந்தக் காலத்து எழுத்தர் இப்ப யாரும் உயிரோட இல்லை. வேற மாதிரி போட்டா உங்க மேல வழக்கு வரும்."

"எழுத்தர் யாரும் தப்புப் பண்ணல. பதிஞ்சவன் நான். இவ என் தங்கச்சி. உயிரோட இருக்கா." பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவள் தலையசைத்துக் கணினியில் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள். திரையை ஒருமுறை, இரண்டு முறை படித்தாள்.

"ஐயா, இதே கோரிக்கையில ஏற்கனவே ஒரு மனு இருக்கு. 2026 ஜூன். மனுதாரர் பேரு சங்கரலிங்கம்."

உலகம்மை சாளரத்தோடு ஒட்டிக்கொண்டாள். அதிகாரி திரையைத் திருப்பினாள். என் தம்பியின் கையெழுத்து. எழுத்துகள் அப்போதே சரியத் தொடங்கியிருந்தன.

'என் தங்கை ஆவுடையம்மாள் சாகவில்லை. தூத்துக்குடியில் மெஸ் வைத்திருக்கிறாள். நேற்று நான் போய்ச் சாப்பிட்டேன். பதிவேட்டில் அவளை உயிரோடு எழுத வேண்டுகிறேன். எனக்கு மறந்து போவதற்குள் எழுத வேண்டுகிறேன்.'

"மூணு தடவை வந்தார்" என்றாள் ஆவுடை எனக்குப் பின்னாலிருந்து. "உன்னைப் பிழைக்க வைக்கப் போறேன் பாருன்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்டார். மூணாவது தடவை, முதல் தடவை கண்டுபிடிச்சு வந்த மாதிரியே வந்து அழுதார்."

மனுவின் அடியில் சிவப்பு முத்திரை. 'நிராகரிக்கப்பட்டது. மனுதாரர் நினைவு பிறழ்ந்தவர். ஆதாரம்: அண்ணன் காந்திமதிநாதன், சார்பதிவாளர், அனுப்பிய ரகசியக் கடிதம்.'

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருந்தது. அவனைத் துபாய்க்கு அனுப்புவதற்குச் சற்று முன், என் தம்பி எந்த ஆவணத்தைக் கொண்டுவந்தாலும் ஏற்க வேண்டாம், அவன் சொல்வது எதுவும் நம்பத்தக்கதல்ல என்று மாவட்டத்திலிருந்த எல்லா அலுவலகங்களுக்கும் எழுதினேன். அவன் எதைக் கொண்டுவந்தான் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினாள். "விதிப்படி ஒரே கோரிக்கைக்கு ரெண்டு மனு கூடாது ஐயா. முதல் மனுவைத்தான் எடுத்துக்கணும். அது நிராகரிக்கப்பட்டதுக்கு ஒரே காரணம் உங்க கடிதம். அதை நீங்க திரும்பப் பெற்றாப் போதும். இந்த மனு தேவையில்லை."

நான் கொண்டுவந்திருந்த நான்கு பக்க மனுவைத் திருப்பிக் கொடுத்தாள். வெற்றுத்தாள் ஒன்றையும் தந்தாள்.

உலகம்மை திரையில் இருந்த எழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடை அவள் முதுகில் கை வைத்திருந்தாள். எனக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

நான் சாளரப் பலகையில் தாளை வைத்து, என் தம்பி சங்கரலிங்கத்துக்கு 2026ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நினைவு சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.